ஹந்தானையில் தேடிய ஞானஸ்நானம்

மூன்றாம் முறை நனையாமல் இருப்பதற்காகத்தான் நான் கண்டிக்குப் போனேன். போய்ச் சேர்ந்த முதல் மாலையிலேயே, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் நட்டநடுவில், தலை முதல் கால் வரை நனைந்தேன். கீழே மகாவலி செம்மண் நிறத்தில் பொங்கி ஓடியது. முச்சக்கர வண்டியின் ஒருபக்கத் திரை காற்றில் பிய்த்துக்கொண்டு பறந்தது. ஓட்டுநர் ரிஸ்வான் என் வயதை ஒத்தவர். திரும்பிப் பார்த்து, "மிஸ், இது நம்மட ஊரு வரவேற்பு, காசு இல்ல" என்றார். ஐம்பத்து மூன்று வயதில், நனைந்த சேலையோடு, பாலத்தின் மேல் உட்கார்ந்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஒன்பது வயதில் தலைமன்னாரில் கப்பலேறியவள், நான் பிறந்த ஊரின் மழையை அன்றுதான் மறுபடி பார்த்தேன்.

நனைவதைப் பற்றி விளக்கிவிடுகிறேன். எனக்கு இரண்டு ஞானஸ்நானங்கள் உண்டு. முதலாவது கண்டிக்கு மேலே ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது என்று அம்மா சொல்வார். இரண்டாவது இருபத்தேழு வயதில், திருச்சியில், காவிரியில். மணமாகிப் போன வீட்டார் பெந்தெகொஸ்தே மரபினர். அதிலும் இயேசுவின் நாமத்தில் மட்டுமே முழுக்குக் கொடுக்கும் சிறு சபை. குழந்தையாக இருந்தபோது நடந்ததை அவர்கள் ஏற்பதில்லை. வெள்ளைச் சேலையுடன் இடுப்பளவு நீரில் நின்ற என்னைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் அம்மா. தோளில் எனக்கான உலர்ந்த துண்டு. "ஒரு தடவ போதாதா, புள்ள?" என்று மெல்லக் கேட்டார்.

"அது சேர்த்தியில்லைம்மா" என்றேன், எல்லோரும் கேட்கும்படியாக.

அதன்பின் அவர் சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது நான் லுத்தரன் சபையில் சேர விரும்புகிறேன். எங்கள் தெரு லுத்தரன் கோயிலின் ஆயர் நிதானமான மனிதர். எதையும் இரண்டு முறை யோசித்தே சொல்வார். "காவிரியில் பிதாவின் பெயரும் ஆவியின் பெயரும் சொல்லப்படவில்லை. அதை நாங்கள் ஞானஸ்நானமாக ஏற்பதில்லை. ஹந்தானையில் நடந்தது சரியாக நடந்திருந்தால் அது ஒன்றே உங்களுக்குப் போதும். தலையில் கைவைத்து ஜெபித்து ஏற்றுக்கொள்வேன். ஆனால் நடந்ததற்கு ஒரு காகிதம் வேண்டும், அல்லது கண்ணால் பார்த்த ஒருவர் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் நான் மறுபடி கொடுக்கத்தான் வேண்டும்" என்றார்.

மறுபடி என்றால், அம்மா சொன்னதை இரண்டாம் முறையாக நானே பொய்யாக்க வேண்டும். என்னைச் சபையில் சேர்த்துக்கொள்வதாக இருந்த சீர்திருத்த ஞாயிறுக்கு இரண்டு வாரம் இருந்தது. கல்லூரி நூலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

கட்டுகஸ்தோட்டையில் திலகம் அக்காவின் மாடி அறையில் தங்கினேன். யாழ்ப்பாணத்தவர், கண்டியில் அரசாங்க வேலை பார்த்து ஓய்வுபெற்று இங்கேயே தங்கிவிட்டவர். நனைந்த கோலத்தில் என்னைக் கண்டதும், "வாங்கோ, வாங்கோ. மழைக்குள்ள நிண்டு என்ன செய்யிறியள்? அந்தக் கதிரையில இருக்காதையுங்கோ, அது புதுசு" என்று வரவேற்றார். இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீயும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் வந்தன. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே தேநீரை உறிஞ்ச வேண்டும். பாலில்லாத தேநீரை எங்கள் திருச்சியில் காய்ச்சல்காரர்களுக்குத்தான் கொடுப்பார்கள். இங்கே மூன்றாவது கோப்பைக்கு நானே கையை நீட்டினேன்.

"எந்தச் சபையில ஞானஸ்நானம் எண்டு தெரியாமலே தேடி வந்தனீங்களோ?" என்று கேட்டார் திலகம் அக்கா.

"ஓம்" என்றேன். ஒரு மணி நேரத்திலேயே அந்தச் சொல் தொற்றிக்கொண்டது.

"நல்ல காலம், நாங்கள் மெதடிஸ்ட். புத்தகம் எல்லாம் ஒழுங்கா வைச்சிருக்கிறம்."

எந்தச் சபை என்று தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் கிறிஸ்தவர்கள் எல்லோரும் 'வேதக்காரர்'தான். ரோமன் கத்தோலிக்கமா, ஆங்கிலிக்கனா, மெதடிஸ்டா என்று யாரும் பிரித்ததில்லை. லொறி எந்தக் கோயிலுக்குப் போகிறதோ அந்தக் கோயிலில்தான் அந்த ஆண்டின் கிறிஸ்மஸ். எனக்கு நினைவிருப்பது பளபளக்கும் ஒரு சிவப்புத் தரையும், யாரோ கையில் திணித்த கேக் துண்டும் மட்டுமே.

புதன்கிழமை காலை, இடியப்பமும் தேங்காய்ப் பொல் சம்பலும் சாப்பிட்ட தெம்பில், முதலில் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனேன். அலுவலகத்தில் இருந்த எழுத்தர் அலுமாரியைத் திறந்து, நான் பிறந்த ஆண்டின் பதிவேட்டை இறக்கி வைத்தார். நூலகக்காரியின் கைகளுக்குப் பழைய தாளின் வாசனை போதும். என் விரல்கள் தாமாகவே பக்கங்களைப் புரட்டின. அழகிய சாய்வெழுத்து, பக்கத்துக்கு எட்டுப் பெயர்கள், கடைசியில் பெயரகராதி. ஹந்தானையிலிருந்து பதினோரு குழந்தைகள். என் பெயரில், எஸ்தர் என்று ஒருத்தியும் இல்லை.

அந்தப் பதிவேட்டை மூடும்போது மண்டபம் முகாம் நினைவுக்கு வந்தது. கப்பலிலிருந்து இறங்கிய எங்களுக்குப் பள்ளி நடத்தியவர்கள் கன்னியாஸ்திரீகள். ஜெபமாலையை, சாம்பிராணியை, லத்தீன் வாடை வீசும் பழைய பாடல்களை நான் அங்கேதான் காதலித்தேன். முதல் நற்கருணைக்கு ஞானஸ்நானச் சீட்டுக் கேட்டார்கள். "ஆயிடுச்சுங்க, வேதக்காரங்க முறைதான்" என்றார் அம்மா. எந்தக் கோயில் என்றால் பதில் இல்லை. மற்றப் பிள்ளைகள் வெள்ளை உடையில் வரிசையில் போக, நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் முதுகுகளை எண்ணினேன். அந்தக் கன்னியாஸ்திரீ நல்லவர். பிறகு தனியாகக் கூப்பிட்டு ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.

மதியத்தில் ஆங்கிலிக்கன் கோயில். ஏரியைச் சுற்றி நடந்தே போனேன். வெள்ளை உடுத்துப் பூத்தட்டு ஏந்தி, புத்தரின் பல்லைக் காக்கும் தலதா மாளிகைக்குப் போகிறவர்களின் கூட்டத்தில் நான் மட்டும் எதிர்த்திசையில் போனேன். மரங்களில் தொங்கிய வௌவால்கள் பட்டப்பகலில் சண்டை போட்டன. கோயிலுக்குள் உயரமான மரக்கூரை, தேய்ந்த முழங்கால் பலகைகள். எனக்குக் கல்லூரி விடுதியின் சிற்றாலயம் அப்படியே திரும்பி வந்தது. அந்த நான்கு ஆண்டுகளும் நான் ஆங்கிலிக்கன். எழுதிவைத்த ஜெபங்களின் ஒழுங்கு எனக்குப் பிடித்தது. என் மனம் சிதறியிருக்கும் நாள்களிலும் வாக்கியங்கள் சிதறாமல் என்னைத் தாங்கின. இங்கேயும் பதிவேட்டைக் கொண்டுவந்தார்கள். இங்கேயும் நான் இல்லை.

"ரெண்டு சேர்ச்சும் முடிஞ்சிது. இன்னும் எத்தின ஈக்கி, மிஸ்?" என்று கேட்டார் வெளியே காத்திருந்த ரிஸ்வான்.

"ஒன்றோ இரண்டோ."

"நான் கண்டியில பொறந்து வளந்தவன். இத்தின சேர்ச் இங்க ஈக்கிறது இண்டைக்குத்தான் தெரியும். எனக்கு நீங்க காசு தரத் தேவல்ல, நான்தான் ஒங்களுக்கு டியூசன் காசு தரணும்" என்றார். சொன்னாரே தவிர, காசை வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை திலகம் அக்கா முறுக்கிய கொண்டையும் கைக்குடையுமாக என்னை மெதடிஸ்ட் கோயிலுக்கு அழைத்துப் போனார். இந்தச் சபைகளில் நான் ஒருபோதும் குடியிருக்காத வீடு அது ஒன்றுதான். அங்கேயும் பெயர் இல்லாததைக் கண்டு என்னைவிட அவர்தான் அதிகம் வருந்தினார். "இன்னொருக்கா பாருங்கோ, தம்பி. பக்கம் ரெண்டு ஒட்டியிருக்கும்" என்று எழுத்தரை விடவில்லை. ஒட்டிய பக்கம் ஒன்று உண்மையாகவே இருந்தது. அதற்குள் ஒரு பழைய பஸ் டிக்கட் இருந்தது. நாங்கள் மூவரும் சிரித்தோம்; வேறென்ன செய்வது?

அன்று மாலை மாடி வராந்தாவில் உட்கார்ந்து, ஆயரிடம் தொலைபேசியில் தோற்றுவிட்டேன் என்று சொல்லத் துணியாமல் இருந்தபோது, திலகம் அக்கா கேட்டார்: "அம்மா வேற ஒண்டும் சொல்லேல்லையோ? ஒரு ஆளின்ர பேர், ஒரு ஊர்?"

ஒன்று சொல்வார். நான் சிறுமியாக அடம்பிடித்த போதெல்லாம் சொல்வார்: "கெலிஓயா நேர்ஸம்மா இல்லேன்னா நீயே இல்ல, தெரியுமா?" பிரசவம் பார்த்தவரைச் சொல்கிறார் என்றே நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"பின்ன கெலிஓயாவுக்குப் போங்கோ" என்றார் திலகம் அக்கா, பெரிய மர்மத்தை அவிழ்த்துவிட்ட முகத்தோடு. எனக்கும் அந்தக் கணத்தில் உறக்கம் பறந்தது.

வெள்ளிக்கிழமை ரிஸ்வானுக்கு ஜும்மா. ஆகவே மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் கம்பளை பஸ்ஸில் ஏறினேன். இடம் கிடைத்தது, அதுவே வினையாயிற்று. இங்கே ஒரு வழக்கம்: நிற்பவர்கள் தங்கள் பைகளை உட்கார்ந்திருப்பவர் மடியில் வைத்துவிடுவார்கள். எங்கள் ஊரிலும் வைப்பார்கள். ஆனால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைப்பார்கள். இங்கே அதுவும் இல்லை. பேராதனையைத் தாண்டுவதற்குள் என் மடியில் ஒரு சிங்கள அம்மாளின் மரக்கறிப் பை, ஒரு பள்ளிப் பை, உயிருள்ள ஏதோ அசைகிற ஒரு அட்டைப்பெட்டி. நடத்துநர் "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று எல்லோரையும் முன்னே தள்ளிக்கொண்டிருந்தார். கெலிஓயா வந்தபோது பைகளின் சொந்தக்காரர்கள் மூவரும் பஸ்ஸின் முன்கோடியில் இருந்தார்கள். நான் எழவும் முடியாமல் கத்தவும் தெரியாமல் உட்கார்ந்திருக்க, கெலிஓயா ஜன்னலுக்கு வெளியே மெல்லக் கடந்து போயிற்று. அடுத்த நிறுத்தத்தில் அட்டைப்பெட்டிக்காரர் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு, புன்னகையோடு திறந்து காட்டினார். கோழிக்குஞ்சுகள். அவற்றோடு நானும் இறங்கித் திரும்பி நடந்தேன்.

நேர்ஸம்மாவின் வீடு எதுவென்று விசாரித்தபோது ஓர் இரும்புக்கடையைக் காட்டினார்கள். வீடு இடிந்து கடையாகிப் பல வருடம். கடைக்காரர் முஸ்லிம், அறுபதைத் தாண்டியவர். பெயரைச் சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"நேர்ஸம்மாவா? அவங்க மௌத்தாகி இப்ப பதினஞ்சு வருஷம் வரும். புள்ளைகள் கனடாவுல. இந்தக் கையில அவங்க போட்ட ஊசிக்குக் கணக்கில்ல."

"அவர் எந்தக் கோயிலுக்குப் போவார்?" என்று ஆவலை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"அதையா கேக்கிறீங்க? அந்த ஞாயிறு நோயாளி எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்துச் சேர்ச்சுக்குப் போவாங்க. தனியா ஒண்டும் இல்ல."

என் முதல் சபை எதுவென்ற கேள்வி அந்த இரும்புக்கடையில், ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே, ஒருவழியாக முடிந்துபோயிற்று. விசித்திரம், எனக்கு வருத்தமே வரவில்லை. கடைக்காரர் மேலும் சொன்னார்: நேர்ஸம்மா வேலை பார்த்தது ஹந்தானைத் தோட்டத்தில். அங்கே பிள்ளைக்காம்பராவில், தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் அந்த அறையில், அவருக்குக் கூடமாட உதவிய ராசம்மா என்றொருவர் இன்றும் லயத்தில் இருக்கிறார். போன மாதம்கூடக் கூரைத் தகடு வாங்க வந்திருந்தார்.

திரும்பும் வழியில் ஒரு மீன் பணிஸ் வாங்கி, வாய் வேகத் தின்றேன். அப்போதுதான் மதியச் சாப்பாட்டை மறந்திருந்தது நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் ஹந்தானை. ஆஸ்பத்திரியைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. மூன்றாவது வளைவில் ரிஸ்வானின் வண்டி இருமி, முக்கி, நின்றுவிட்டது. "மிஸ் எறங்குங்க, அவளுக்குப் பாரம் தாங்கல்ல" என்றார், யாருக்கு என்று சொல்லாமல். நான் பின்சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டே நடந்தேன். வண்டி ஊர்ந்தது. இருபுறமும் சீராக வெட்டிய தேயிலை, நடுவே மஞ்சள் பூசிய சிறிய மாரியம்மன் கோயில், மேலே மூடுபனி. என் உடல் அந்த ஏற்றத்தை அறிந்திருந்தது. எந்த வளைவுக்குப் பின் தண்ணீர்ச் சத்தம் கேட்கும் என்று கால்கள் எனக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தன.

லயத்து வாசல்களில் டிஷ் அன்டெனாக்கள். பழைய பெயின்ட் வாளிகளில் அந்தூரியம். கடைசிக் காம்பராவின் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்தார். ஒல்லியான, உறுதியான உடம்பு, நெற்றியில் திருநீறு.

"வாங்க. பென்சன் காரியமா?"

"இல்லைக்கா. நான் இந்தியாவிலிருந்து வருகிறேன். ஒன்பதாம் நம்பர் லயத்து அன்னத்தின் மகள்."

"எந்த அன்னம்? கொழுந்தெடுக்கையில பாடிக்கிட்டே நிக்குமே, அந்த அன்னமா?"

என் அம்மா பாடி நான் கேட்டதே இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்ப நீ அந்தக் காய்ச்சப் புள்ளையா? அடியாத்தி!" விறகு கீழே விழுந்தது. இரண்டு கைகளாலும் என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நரைச்சுப் போச்சே புள்ள ஒனக்கு! உள்ள வா. ஏய் டிரைவரு, நீங்களும் வாங்க."

எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்டுவிடத் துடித்தேன். ஆயினும் நூலகத்தில் கற்ற ஒழுக்கம் ஒன்று உண்டு: தகவல் தருபவரின் வாயில் நம் சொல்லைத் திணிக்கக் கூடாது. ஞானஸ்நானம் என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை. "எனக்குக் காய்ச்சல் வந்தபோது என்ன நடந்தது அக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒனக்கு எட்டு மாசம். எனக்கு அப்ப பதினாலு இருக்கும். மூணு நாளாக் காய்ச்ச, கண்ணே தொறக்கல. வலிப்பு வேற வந்திருச்சு. மழையில ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்திச்சு, ஆஸ்பத்திரிக்குப் போக லொறி இல்ல. ஒங்கம்மா மடியில ஒன்னப் போட்டுக்கிட்டு அழுவுறா. நேர்ஸம்மா கையப் புடிச்சுப் பாத்தாங்க. 'ராசம்மா, ஓடு, கோப்பையில தண்ணி கொண்டா'ன்னாங்க. பால் கரைக்கிற பீங்கான் கோப்பை. நாந்தான் பீலியில புடிச்சிட்டு வந்தேன்."

மலைநீர் விழும் அந்தக் குழாயைக் கையால் காட்டினார். வாசலிலிருந்தே தெரிந்தது, இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

"அந்தத் தண்ணீரை என்ன செய்தார்கள்?"

"ஒன் தலையில ஊத்துனாங்க. மூணு தரம். ஊத்துறப்ப ஒரு பேரு சொன்னாங்க." கண்களை மூடிக்கொண்டார். வாய்ப்பாடு ஒப்பிக்கும் குரலில், ஓர் எழுத்தும் பிசகாமல் சொன்னார்: "எஸ்தரே, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." கண்ணைத் திறந்தார். "அந்தப் பேரே அவங்க வச்சதுதான். ஒங்கம்மா கோகிலான்னு வைக்கணும்னு இருந்தா."

"ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறதே அக்கா, எப்படி இவ்வளவு சரியாக?" என்று கேட்டேன்.

"மறக்குமா? அன்னைக்குச் சாயந்தரமே ஒனக்குக் காய்ச்ச எறங்கிருச்சே! நல்ல மருந்துன்னு நான் அப்பவே மனசுல ஏத்திக்கிட்டேன். என் புள்ளைங்க அஞ்சு பேருக்கும் காய்ச்சன்னா இதான். லயத்துல எந்த வீட்டுல புள்ளைக்குக் காய்ச்சன்னாலும் என்னைத்தான் கூப்புடுவாங்க. கோப்பையில பீலித் தண்ணி, மூணு தரம், புள்ள பேரச் சொல்லி அந்த வார்த்த. அப்புறம் மாத்திர. அப்புறம் மாரியம்மனுக்கு வேண்டித் திருநீறு."

வாசற்படியில் தேநீருடன் உட்கார்ந்திருந்த ரிஸ்வானுக்குப் புரை ஏறியது. "மிஸ், அப்ப இந்த லயம் முழுக்க ஒங்கட ஆக்கள்தானா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலேயே ராசம்மா அக்காவும் சேர்ந்து சிரித்தார்.

தொலைபேசிக்கு அலைவரிசை கிடைக்க, மூவரும் மாரியம்மன் கோயில் மேடைவரை ஏறினோம். ஆயர் எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் வழக்கம்போல் இரண்டு முறை யோசித்துவிட்டு, "அவர்களிடமே கொடுங்கள்" என்றார். ஒலிபெருக்கியை அழுத்தினேன்.

"அம்மா, அந்தக் குழந்தையின் தலையில் தண்ணீர்தான் ஊற்றினார்களா?"

"பின்ன காத்தையா ஊத்துவாங்க?"

"நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?"

"பாத்தேனா? தண்ணி கொண்டாந்ததே நான்தானே சாமி!"

"என்ன சொல்லி ஊற்றினார்கள்?"

மறுபடியும் கண்ணை மூடி ஒப்பித்தார். நான் ஒலிபெருக்கியை அணைத்து, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டேன். "ஐயா, ராசம்மா அக்கா சைவர். அவர் சாட்சி செல்லுமா?"

"பார்த்தவர் பார்த்தவர்தானே அம்மா. எந்தக் கோயிலுக்குப் போகிற கண் என்று நான் ஏன் கேட்க வேண்டும்? ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கி வாருங்கள். போதும்."

"இன்னொன்று ஐயா. அதே வார்த்தையைச் சொல்லி இவர் இந்த லயத்துப் பிள்ளைகள் இருபது முப்பது பேருக்கு..."

"எஸ்தரம்மா," என்று இடைமறித்தார் ஆயர். "அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் ஒன்றும் சொல்லவில்லை."

நான் ஏன் இந்தச் சபைக்கு வந்தேன் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் அடக்க ஆராதனைக்காக அந்தக் கோயிலுக்குள் முதலில் நுழைந்தேன். இறந்தவர் பெரிய பக்திமான் அல்லர். அவர் செய்த நன்மைகளை ஆயர் அடுக்கவில்லை. "இவர் ஞானஸ்நானம் பெற்றவர், இவரைப் பிடித்த கை விடவில்லை" என்று மட்டும் சொன்னார். அதற்கு முன் நான் இருந்த இடங்களில் எல்லாம், நான் எப்படி ஜெபித்தேன், எதை விட்டேன், எவ்வளவு உறுதியாக நம்பினேன் என்றே கேட்டார்கள். அல்லது அப்படிக் கேட்பதாக எனக்குத் தோன்றிற்று. எனக்கு என்ன செய்யப்பட்டது என்று கேட்ட முதல் இடம் அதுதான். வலிப்பில் கிடந்த எட்டு மாதக் குழந்தை எதைத்தான் செய்திருக்க முடியும்?

காம்பராவுக்குத் திரும்பி, கடிதத்தை நான் எழுதினேன். ராசம்மா அக்கா கண்ணாடி தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு வாசித்தார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார்.

"நான் சாட்சி போட்டா எங்க மாரியாத்தா கோவிச்சுக்க மாட்டாளே?"

"உங்கள் மாரியாத்தா அன்றைக்கு எங்கே இருந்தாள் அக்கா?"

"இங்கதான். அவளுந்தான் பாத்துக்கிட்டிருந்தா." அந்த நியாயம் அவருக்கே பிடித்துவிட்டது. அழுத்தமாகக் கையெழுத்திட்டார்.

ரொட்டியும் கட்டைச் சம்பலும் தந்தார். உறைப்பில் காது அடைத்தது. மூன்றாவது ரொட்டியின்போது, எனக்குள் மீதமிருந்த கேள்வியைக் கேட்டேன். பிழைத்த பிறகாவது என் பெயரை ஏன் ஒரு கோயிலிலும் பதியவில்லை?

"நேர்ஸம்மா சொன்னாங்கதான். 'அன்னம், புள்ளைய ஒரு நாளு கோயிலுக்குத் தூக்கிட்டு வா, பேரப் பதிஞ்சிடலாம்'னு. ஒங்கம்மா கேக்கல. 'சாமிக்குத் தெரிஞ்சுதானே காய்ச்சல எறக்குனாரு? அப்புறம் எதுக்கு நோட்டுல? ஒரு தடவ போதும்'னுட்டா. பிடிச்சா பிடிச்ச பிடிதான் அவளுக்கு."

ஒரு தடவை போதும். காவிரிக்கரையில் உலர்ந்த துண்டைத் தோளில் போட்டு நின்றவர் கேட்டதும் அதையேதான். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பீங்கான் கோப்பையும், சரிந்த மண்ணும், திறக்காத கண்களும் இருந்ததை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

விடைபெறும்போது ராசம்மா அக்கா என்னைப் பீலிவரை அழைத்துப் போனார். கையைக் குவித்து அந்த நீரைக் குடித்தேன். பல் கூசும் குளிர். தலையில் தெளித்துக்கொள்ளத் தோன்றியது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, பையின் அடியில், மாற்றுச் சேலைக்குள் வைத்திருந்தேன். அந்த ஒருபக்கத் திரை இன்னும் தைக்கப்படவில்லை. சாரல் நேராக என் முகத்தில் அடித்தது. கூந்தல் நனைந்தது, தோள் நனைந்தது. கீழே கண்டி நகரமும் ஏரியும் வெள்ளைத் திரைக்குப் பின்னால் மறைந்து மறைந்து தெரிந்தன. எனக்குப் பாட வேண்டும்போல் இருந்தது. என்ன பாட்டென்று தெரியாமல் முனகினேன்.

"மிஸ், நனையிறீங்க! அந்தப் பக்கம் தள்ளி இருங்க" என்று கத்தினார் ரிஸ்வான்.

"பரவாயில்லை ரிஸ்வான்," என்றேன், மழைக்கு மேல் கேட்கும்படியாக. "இது சேர்த்தியில்லை."

அவருக்குப் புரிந்திராது. இருபத்தாறு வருடங்களுக்கு முன், ஒரு நதியில் நின்றுகொண்டு, அந்தப் பீலித் தண்ணீரைப் பற்றி நான் தவறாகச் சொன்ன வார்த்தை அது. இப்போதுதான் அதைச் சரியான தண்ணீரிடம், இந்த மழையிடம், சொன்னேன்.